இன்ஜின் மாற்றிய பழைய ஜீப் டீசலைக் குடிக்கிறது: பணத்தை எதில் போடுவது?

பழைய மஹிந்திரா ஜீப்பில் வேறு இன்ஜின் ஏற்றியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே மைலேஜ் கவலையில் வந்து நிற்பார்கள். மஹிந்திராவின் எம்.எம். 540 மாடலில் கம்பெனி வைத்தது பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின், 2112 சி.சி., 62 குதிரைத்திறன். அது தேய்ந்துபோய், உதிரிபாகம் தேடி அலுத்த பிறகு, சிலர் பொலேரோவின் 2523 சி.சி. டி.ஐ. இன்ஜினை (டீசலை நேரடியாகச் சிலிண்டரில் பீய்ச்சும் வகை) ஏற்றுகிறார்கள். சிலர் டொயோட்டா 2சி, சிலர் அம்பாசடரில் வந்த இசுசு, கையில் காசு இருப்பவர்கள் ஸ்கார்ப்பியோவின் காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் இன்ஜின்). இழுவை கூடுகிறது, வண்டி உற்சாகமாக ஓடுகிறது, ஆனால் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டரைத் தாண்ட மாட்டேன் என்கிறது. அதே இன்ஜின் அதன் சொந்த வண்டியில் பன்னிரண்டு, பதிமூன்று கொடுத்திருக்கும்.

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் முடிவு, "இந்த இன்ஜின் சரியில்லை, வேறு போடலாம்" என்பது. பெரும்பாலும் அது பணத்தைத் தப்பான இடத்தில் கொட்டுவது. இன்ஜின் ஆரோக்கியமாக இருந்து மைலேஜ் மட்டும் குறைவாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும். ஆகவே எந்தச் செலவை முதலில் செய்யலாம், எதைத் தள்ளிப் போடலாம், எதைச் செய்யவே வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அளவு சரியா?

இன்ஜின் மாற்றிய ஜீப்பில் ஓடோமீட்டரை நம்பக் கூடாது. அமெரிக்க வில்லீஸ் வழி வந்த ஜீப்களில் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (கியர் பெட்டியின் பின்னால், இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வருகிறது. அதாவது, மீட்டர் எண்ணுவது பின் அச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சுற்றுகளைத்தான். பின்னால் கிரவுன் பினியனை (ஷாஃப்ட்டின் சுற்றைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தரும் பல்சக்கர ஜோடி) மாற்றினாலோ டயர் அளவை மாற்றினாலோ மீட்டர் பொய் சொல்லத் தொடங்கிவிடும். 5.38 கிரவுன் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்று) இருந்த வண்டியில் யாராவது 4.27 போட்டு, மீட்டர் பல்சக்கரத்தை மாற்றாமல் விட்டிருந்தால், நீங்கள் 100 கிலோமீட்டர் ஓடும்போது மீட்டர் 79 என்று காட்டும். உண்மையில் பத்து கொடுக்கும் வண்டி எட்டு கொடுப்பதாகத் தெரியும். 235/75 ஆர்15 டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போட்டாலும் ஏழு சதவீதம் போல் குறைத்துக் காட்டும்.

ஆகவே தூரத்தைக் கைபேசியின் ஜி.பி.எஸ். மூலம் அளந்துகொள்ளுங்கள். டேங்க்கை முழுதாக நிரப்பி, ஓட்டி, அதே பங்கில் மறுபடி முழுதாக நிரப்பிக் கணக்குப் பாருங்கள். ஒரு டேங்க்கை வைத்து முடிவு கட்டாமல் மூன்று நான்கு டேங்க் பாருங்கள். மலைப் பாதையையும் சமதளத்தையும் தனித்தனியாக எழுதிவையுங்கள். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறிய கணக்கையும் திண்டுக்கல் நாற்கரச் சாலைக் கணக்கையும் கூட்டிப் போட்டால் வரும் சராசரி எதற்கும் உதவாது. எந்த வேலைக்குப் பணம் போடுவது என்பதே அந்த இரண்டு எண்களைப் பொறுத்தது.

இன்னொன்று, "லிட்டருக்கு எத்தனை" என்று மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 6-லிருந்து 8 ஆனால், 100 கிலோமீட்டருக்கு நாலு லிட்டருக்கு மேல் மிச்சம். 12-லிருந்து 15 ஆனால் ஒன்றே முக்கால் லிட்டர்கூட மிச்சமாகாது. கேட்பதற்கு இரண்டாவதுதான் பெரிய முன்னேற்றம் போலத் தெரியும். மோசமாகக் குடிக்கும் வண்டியில் சின்னத் திருத்தம்கூட நிறைய மிச்சம் தரும் என்பதால், மலிவான வேலைகளை முதலில் முடித்துவிடுவது நல்லது.

இருப்பதைச் சரிசெய்வது

இதில் பெரிய செலவு எதுவும் இல்லை. அதனாலேயே யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் தெர்மோஸ்டாட் வால்வு, அதாவது இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுப்பது. இன்ஜின் மாற்றும்போது சூடேறும் என்ற பயத்தில் அதைக் கழற்றி வீசுவது நம் ஊரில் பரவலான பழக்கம். அப்புறம் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். 80 டிகிரிக்கு மேல் ஓட வேண்டிய இன்ஜின் 60 டிகிரியில் ஓடினால் எண்ணெய் கெட்டியாக இருக்கும், உராய்வு கூடும், எரிபொருள் முழுதாக எரியாது. எலக்ட்ரானிக் இன்ஜினில் இன்னும் மோசம்: இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இ.சி.யூ. (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கூடுதல் எரிபொருளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சூடாகும் பிரச்சினை இருந்தால் ரேடியேட்டரையும் ஃபேன் ஷ்ரவுடையும் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) சரிசெய்யுங்கள். வால்வைத் திரும்ப மாட்டுங்கள்.

அடுத்தது பிரேக். டிரம் பிரேக்கை இறுக்கி வைத்துவிட்டால் வண்டி நாள் முழுக்க பிரேக் பிடித்தபடியே ஓடும். பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு டிரம்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக்கோ பேரிங்கோ பிடிக்கிறது.

பழைய டீசல் இன்ஜின் என்றால் டீசல் பம்ப்பும், டீசலைப் பீய்ச்சும் நாசிலும். இழுவை போதவில்லை என்று பம்ப்பில் டீசலைத் திறந்துவிட்டிருப்பார்கள். ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளினால் அந்தப் புகை முழுக்க நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல். நல்ல பம்ப் கடையில் கொடுத்து, அந்த இன்ஜினுக்குரிய அளவுக்கு காலிப்ரேஷன் செய்து, டைமிங்கைச் சரியாக வைத்தாலே வித்தியாசம் தெரியும். ஏர் ஃபில்டருக்குப் போகும் ஹோஸ், டர்போ இருந்தால் அதன் ஹோஸ் கிளாம்ப், டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ் எல்லாம் இன்ஜின் மாற்றியபோது கைக்கு வந்ததை வைத்துப் பொருத்தியவை. ஒவ்வொன்றையும் தடவிப் பாருங்கள்.

மாருதி ஜிப்ஸியில் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சுவது) ஏற்றியவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்லும். இ.சி.யூ. அதை நம்பி பெட்ரோலைக் கூட்டும். குழாயை வெட்டி ஒட்டிய இடங்கள்தான் முதல் சந்தேகம்.

இத்தனையும் முடிந்தபின் வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று மறுபடி அளந்து பாருங்கள். பலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

கியர் கணக்கு

இதுவும் போதவில்லை என்றால் அடுத்தது கியர் கணக்கு. இன்ஜின் மாற்றிய ஜீப்பில் மைலேஜ் போவதற்கு நான் முதன்மையாகக் குற்றம் சொல்வது இதைத்தான்.

வில்லீஸ் சி.ஜே. 2ஏ காலத்திலிருந்தே ஜீப்பின் கிரவுன் பினியன் 5.38. அதாவது 43 பல்லுக்கு 8 பல். அந்த வண்டி உழவும் இழுக்கவும் செய்யப்பட்டது. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அதை யாரும் விரட்ட நினைக்கவில்லை. டாப் கியர் நேரடி. இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. பிற்பாடு வந்த வண்டிகளில் 4.88 (39-க்கு 8), 4.27 (47-க்கு 11), 3.73 (41-க்கு 11) என்று பலவும் உண்டு. உங்கள் வண்டியில் எது என்று ஆர்.சி. புத்தகம் சொல்லாது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் உங்கள் ரேஷியோ. தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க மறக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் வண்டி என்றால் அதை விடுவித்தால்தான் ஷாஃப்ட் சுற்றும்.

235/75 ஆர்15 டயரோடு, நேரடி டாப் கியரில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் எவ்வளவு சுற்றும் என்று பார்ப்போம். 5.38 என்றால் நிமிடத்துக்கு 3200 போல. 4.88 என்றால் 2900. 4.27 என்றால் 2500. 3.73 என்றால் 2200. அந்த வேகத்தில் சமதளத்தில் ஜீப்பைத் தள்ள 20 முதல் 25 குதிரைத்திறன் இருந்தால் போதும். அதை 2200 சுற்றில் எடுப்பதும் 3200 சுற்றில் எடுப்பதும் இன்ஜினுக்கு ஒன்றல்ல. சுற்று கூடக் கூட பிஸ்டன், ரிங், பேரிங், ஃபேன், வாட்டர் பம்ப் எல்லாவற்றின் உராய்வுக்கும் டீசல் போகிறது. சமதளத்தில் சைக்கிளைச் சின்ன கியரில் போட்டு வேகமாக மிதிப்பது போலத்தான். தூரம் அதேதான், களைப்பு அதிகம்.

புதிதாக ஏற்றிய இன்ஜின் பெரும்பாலும் குறைந்த சுற்றிலேயே நல்ல டார்க் தரும் டீசல். அதன் சொந்த வண்டியில் 2000, 2200 சுற்றில் நிம்மதியாக நெடுஞ்சாலையில் போனது. அதைக் கொண்டுவந்து பழைய நாலு கியர் பெட்டிக்கும் 5.38 கிரவுனுக்கும் முன்னால் கட்டினால், பாவம், அது எப்போதும் கத்திக்கொண்டேதான் ஓடும். இதைத் திருத்த மூன்று வழிகள் உண்டு.

பெரிய டயர் போடுவது முதல் வழி. எளிது, பார்க்கவும் கம்பீரம். 31 அங்குல டயரால் சுற்று ஏழு சதவீதம் குறையும். ஆனால் மட் டெரெயின் டயர் என்றால் அதன் எடையும் உருளும் தடையும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சுமை கூடும். மைலேஜுக்காக யாரும் இதைச் செய்ய வேண்டாம். உண்மையில், சேற்றுக்குப் போகாத வண்டியிலிருந்து மட் டயரைக் கழற்றி ஒல்லியான சாதாரணச் சாலை டயர் போட்டு, காற்றைச் சரியாக வைத்தால் நிச்சயமாக மைலேஜ் கூடும்.

அடுத்த வழி கிரவுன் பினியனை மாற்றுவது. நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருந்தே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு 4x4 போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். ஆக, செலவு இரண்டு மடங்கு. அதோடு, 3.73-க்குப் போனால் முதல் கியரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியரும் சேர்ந்து உயரமாகிவிடும், அதாவது மெதுவாக ஏறும்போது இழுவை குறையும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லும் குழியுமாக, நடக்கும் வேகத்தில் ஏறுகின்றன. அப்படிப்பட்ட பாதையில் உயரமான கிரவுன் வைத்தால் கிளட்ச்சைத்தான் எரிக்க வேண்டியிருக்கும். அந்த மாதிரிப் பாதைக்கே போகாத வண்டி, வாரம் முழுக்கத் தார்ச்சாலையில்தான் என்றால் 4.27 நல்ல நடுநிலை. அதற்கு மேல் போக எனக்கு மனம் வராது.

கடைசி வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி: ஐந்து கியர் பெட்டி. ஐந்தாவது கியர் 0.8 அளவில் இருந்தால், 5.38 கிரவுன் வண்டி டாப்பில் 4.27 போட்ட வண்டி மாதிரி ஓடும். ஆனால் முதல் கியரும் லோ கியரும் அப்படியே இருக்கும். மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒரே வண்டி வேண்டும் என்பவருக்கு இதைவிட நியாயமான செலவு இல்லை. அமெரிக்காவில் பழைய வில்லீஸ் வைத்திருப்பவர்கள் இதே காரணத்துக்காக டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் மாட்டும் ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியர் வாங்குகிறார்கள். அது இன்ஜின் சுற்றைக் கால் பங்கு குறைக்கும். நமக்கு அதைவிட மஹிந்திராவின் ஐந்து கியர் பெட்டி எளிதில் கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. ஐந்து கியர் பெட்டி நீளம் அதிகம். டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளிப் போகும். பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் குறைக்க வேண்டும், முன் ஷாஃப்ட்டை நீட்ட வேண்டும். பழைய சி.ஜே. 3பி ஜீப்பின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 80 அங்குலம்தான். அதில் பின் ஷாஃப்ட் மிகவும் குட்டையாகி, கோணம் செங்குத்தாகி, ஷாஃப்ட்டின் முனையிலுள்ள யூ-ஜாயின்ட் அடிக்கடி போகும், அதிரவும் செய்யும். நீளமான வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. பெட்டி வாங்கும்போது 4x4 வண்டியிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்து வாங்குங்கள். அதன் முன் அவுட்புட் உங்கள் முன் டிஃபரென்ஷியல் இருக்கும் அதே பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகம் விற்கும் இடத்தில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாம் ஒன்று போலவே தெரியும்.

இதற்கெல்லாம் முன்பு காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று: மெதுவாக ஓட்டுவது. நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியும் தட்டையான முகமும் கொண்ட ஜீப்புக்குக் காற்றுதான் பெரிய எதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 90-இல் போகும் பழக்கத்தை 70-ஆக்கினால் அந்தத் தடை 40 சதவீதம் குறைந்துவிடும். எந்த கிரவுனும் எந்த கியர் பெட்டியும் இதைத் தர முடியாது.

இன்னொரு இன்ஜின்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டீசல் லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 5000 கிலோமீட்டர் ஓடும் ஜீப், லிட்டருக்கு 8-லிருந்து 11-க்கு ஏறினால் மிச்சம் 170 லிட்டர், ஏறக்குறைய 16,000 ரூபாய். புதிய இன்ஜின், வயரிங், மவுன்ட், ரேடியேட்டர், கூலி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் ஆனால், போட்ட காசு திரும்பப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஆறு வருடம். மைலேஜுக்காக மட்டும் இன்ஜின் மாற்றுவது கணக்குக்கு ஒத்துவராது. இருக்கும் இன்ஜின் எண்ணெய் குடித்து, கம்ப்ரஷன் போய், எப்படியும் பிரிக்க வேண்டிய நிலையில் இருந்தால் பேச்சு வேறு.

அந்த நிலை வந்தால், எளிய இயந்திர பம்ப் கொண்ட டி.ஐ. இன்ஜினையே எடுப்பேன். பழைய பெஜோ எக்ஸ்.டி. வகை இன்ஜின்களில் டீசல் பக்கவாட்டு அறையில் பற்றி, பிறகு சிலிண்டருக்குள் வருகிறது. அந்த அறையின் சுவர் வழியே வெப்பம் வீணாகிறது. நேரடியாகச் சிலிண்டரில் பீய்ச்சும் டி.ஐ. இன்ஜினில் அந்த நஷ்டம் இல்லை என்பதால் பத்து, பதினைந்து சதவீதம் மிச்சம் இயல்பாகவே வரும். சத்தம் அதிகம்தான். காமன் ரெயில் இன்னும் சிக்கனம். ஆனால் அதன் இ.சி.யூ., இம்மொபைலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு), வேக சென்சார், பெடல் எல்லாம் முழு வயரிங்கோடு வந்தாக வேண்டும். ஒரு சென்சார் இல்லாமல் "எப்படியோ ஓட்டிவிடலாம்" என்று கட்டிய காமன் ரெயில் ஜீப், தானே திறனைக் குறைத்துக்கொள்ளும் பாதுகாப்பு நிலைக்குப் போய், இழுவையும் இல்லாமல் மைலேஜும் இல்லாமல் நிற்கும். மலை நடுவில் நின்றால் கம்ப்யூட்டர் கொண்டுவந்து மாட்டிப் பார்க்க ஆள் கிடைக்காது.

கம்பெனி இன்ஜினையே திரும்ப வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சி.ஜே. 3பி-யில் வந்த ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின், இன்டேக் வால்வு மேலேயும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலுமாக இருக்கும் அழகான பழைய வேலைப்பாடு. அதைத் திரும்ப உயிர்ப்பிப்பவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். அதைப் பழமைக்காகச் செய்யுங்கள், விற்பனை மதிப்பும் கூடும். எரிபொருள் மிச்சமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்ஜினை மாற்றுவதற்கு முன், காகிதத்தைச் சரிபாருங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்தோடு வண்டி மாறுபடும்படி நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே ஏற்றிய இன்ஜினின் எண்ணும் எரிபொருள் வகையும் உங்கள் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லை என்றால் மைலேஜ் இரண்டாம் கவலை. விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் காரணம் காட்டி மறுக்கலாம், பதினைந்து வருடம் தாண்டிய வண்டியின் மறுபதிவில் எண் ஒத்துப்போகாமல் வண்டி நிற்கும். கிரவுனும் கியர் பெட்டியும் மாற்றினால் இன்ஜின் எண் மாறாது என்பது அந்த வழியை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம். இருந்தாலும் அதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விற்றுவிட்டு வேறு வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தினமும் அலுவலகத்துக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய ஒரே வண்டி இதுதான் என்றால், ஆமாம், விற்றுவிடலாம். பழைய ஜீப்பின் எந்தத் திருத்தமும் அதை ஒரு காராக்கிவிடாது. வாரக்கடைசி வண்டி, தோட்டத்து வண்டி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். மலைத் தோட்டத்திலேயே வேலை என்றால் கிரவுனைத் தொடாமல், வால்வு, பிரேக், பம்ப் மூன்றையும் முடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் நீண்ட பயணம் போகிறவர் என்றால், அதே மூன்றையும் முடித்தபிறகு ஐந்து கியர் பெட்டிக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.